ஏழாவது குமிழ்

சம்பந்தி வீட்டுத் தகவல் காலையிலேயே வந்துவிட்டது. பார்சலக்கா கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படித்தாள். படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் நல்ல செய்தி இல்லை என்று அவள் கணவரான மெக்கானிக்குத் தெரியும். முப்பது வருஷக் குடித்தனத்தில் இது கூடத் தெரியாவிட்டால் எப்படி?

"என்னவாம் சம்பந்திக்கு?" என்றார், கஞ்சியை இடது பக்கக் கடைவாயில் ஒதுக்கியபடி.

"நூத்துக்குப் பதினாலு எடுத்துக்கிட்டு இருந்தாங்கல்ல, ஒண்ணாந்தேதியிலேருந்து பதினெட்டாம்."

"பார்சல் செலவு?"

"அது தனி."

"பணம் அனுப்புற செலவு?"

"அதுவும் தனிதான். தினமும் இதையே கேக்குறீங்களே, தெரியாத மாதிரி."

கேட்பவர்களுக்குக் குழப்பம் வரும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் கல்யாணம் கட்டிக்கொடுக்கப் பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. சம்பந்தி என்பது அவர்கள் சரக்கு விற்கிற ஆன்லைன் சந்தை. பெயர் வைத்தவர் மெக்கானிக். "கேக்குறதக் கொடுக்கணும், முகம் சுளிக்கக் கூடாது. நாம கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க. நம்ம பக்கம் ஒரு குத்தம்னா மட்டும் நடுராத்திரியானாலும் வந்து நிப்பாங்க. இதுக்கு வேற என்ன பேரு?" என்பார். பார்சலக்காவுக்கு அந்தப் பெயர் முதலில் பிடிக்கவில்லை. பிறகு அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மெக்கானிக் வீடு வீடாகப் போய் அடுப்பு, ஓவன், வாஷிங் மெஷின் எல்லாம் பழுது பார்த்தவர். முழங்கால் மடங்க மறுத்த பிறகு வீட்டோடு இருக்கிறார். பழைய இரும்புக் கடையிலிருந்து செத்துப்போன மெஷின்களை எடைக்கு வாங்கி வந்து, பின்பக்கச் சாய்ப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து பிரிப்பார். பிரித்ததில் நன்றாக விலை போவது மோட்டாரோ தகடோ இல்லை, குமிழ். அடுப்பில் திருகுகிறோமே, அது. வீட்டுப் பேச்சில் நாப். ஒரு நாப் உடைந்தால் கடையில் அடுப்பையே மாற்றச் சொல்லுவார்கள். மாற்ற மனசில்லாதவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ பார்சலக்காவின் கடைக்கு வந்து சேருவார்கள்.

கடை அவள் பெயரில்தான் இருந்தது. வேலையும் அவளுடையதுதான். சுடுதண்ணீரில் சோப்புத் தூளும் சமையல் சோடாவும் போட்டு நாப்புகளை ஊற வைப்பாள். அத்தனை வருஷப் பிசுக்கும் மேலே மிதந்து வரும். தேய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு எண்ணின் இடுக்கையும் தேய்ப்பாள். வெள்ளைத் துணியில் பரத்தி உலர்த்தி, படம் எடுத்து, அளவு எழுதி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவாள்; பார்சலக்கா என்ற பெயரே அதில் வந்ததுதான். வாங்கியவர்கள் போட்ட நட்சத்திர மதிப்பீடு அறுநூற்றுப் பதினொன்று. அதில் ஐந்துக்குக் குறைவானது நான்கே நான்கு, அந்த நான்கையும் போட்டது யார் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் கூட ஒரு நல்ல வார்த்தை வாங்காதவள். பெற்ற வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, அவள் பெயரில் ஒரு மின்சார ரசீது கூட வந்ததில்லை. இந்தக் கடை ஒன்றுதான் அவள் பெயரில் இருந்தது.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் மெக்கானிக். "பார்சலுக்குள்ள ஒரு சின்னச் சீட்டு. அடுத்த தடவை வேணும்னா நேரா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு. அவங்களுக்கும் விலை குறையும், நமக்கும் பங்கு மிச்சம்."

"போன் நம்பர் கொடுத்தா கடைய மூடிடுவாங்க. முதல் நாளே படிச்சுக் காட்டுனேன்ல?"

"சீட்டு பெட்டிக்குள்ள இருக்கு. சம்பந்தி என்ன பெட்டிய ஒடச்சா பாக்கப்போறாங்க?"

"வாங்குறவங்க சொல்லுவாங்க. இங்க பாருங்க, அந்தப் பேச்சே வேணாம். பதினெட்டு எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். இந்தச் சனங்கள நம்ம வாசலுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? நீங்களா, நானா? இந்தத் தெருவுல உக்காந்து நாப் வேணுமா நாப்னு கூவியிருந்தா வருஷத்துக்கு மூணு வித்திருக்கும்."

அவருக்குக் கஞ்சி வலது பக்கம் போய்விட்டது போல. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வலது பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. பல் டாக்டரிடம் போகச் சொன்னால், "தானா விழுந்துடும், எதுக்குச் செலவு?" என்பார். ஆடுகிற பாகத்தை உடனே மாற்று, இல்லாவிட்டால் மெஷினையே கெடுத்துவிடும் என்று முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அது.

"கிராம்ப வெச்சுக் கடிங்க," என்று சொல்லிவிட்டு அவள் நாப் ஊற வைக்கப் போய்விட்டாள்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்த வாரம் முழுக்க மழை. நாப்புகள் உலராமல் அடம்பிடித்தன. பார்சல்களை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தாள். வரிசையில் நின்று, ரசீது வாங்கி, நனைந்த செருப்பு சளக் சளக்கென்று கத்த வீடு திரும்பினால் மெக்கானிக் புது அவதாரத்தில் இருந்தார். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பத்து நாப்புகளை வரிசையாக வைத்து, அவளுடைய பழைய போனில் படம் எடுத்துக் கடையிலும் போட்டுவிட்டிருந்தார்.

"நீங்களா?" என்றாள், செருப்பைக் கழற்றாமலே.

"ஏன், எனக்குத் தெரியாதா? பத்து நாப், ஒரே செட்டு. கலப்படம். யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம்."

அவள் படத்தைப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. நாப்புகள்தான் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. அவள் எடுக்கிற படத்தில் எல்லா நாப்பும் பூஜ்யத்தில்தான் இருக்கும். எரிகிற அடுப்பைப் படம் எடுத்தது போல இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலும் தெரு முனையிலிருந்து திரும்பி வந்து அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிற ஆள் அவள்.

"எல்லாத்தையும் அணைச்சு வெச்சு எடுத்திருக்கலாம்ல?"

"அப்படி இருந்தா சுறுசுறுப்பா இருக்கு. விடேன்."

ஆசையாகச் செய்திருக்கிறார், போகட்டும் என்று விட்டுவிட்டாள். அடியில் ஏதோ இரண்டு வரி எழுதியிருந்தார். கண்ணாடி நனைந்திருந்ததால் அதைப் படிக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை ஒரு விடுதிச் சமையல்காரரிடமிருந்து கடைக்குச் செய்தி வந்தது. நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவராம். செய்தியும் அந்த அளவுக்கே நீளமாக இருந்தது. பார்சலக்கா அதைச் சத்தமாகவே படித்தாள்.

"ஐயா, வணக்கம். படத்துல நாப் காட்டுற எண்களை வரிசையா அழுத்திக் கூப்பிட்டா விலை குறையும்னு போட்டிருந்தீங்க. கூப்பிட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. நாலும் ஆடுதும்மா, மாத்தணும்னு சொன்னேன். எவ்வளவு நாளா ஆடுதுன்னு கேட்டுச்சு. ஆறு மாசம்னேன். வலி இருக்கான்னு கேட்டுச்சு. எனக்கு என்ன வலி, திருகினா கையோட வந்துடுதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு பயந்துபோச்சு. கையில திருகாதீங்க, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க, சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொல்லிடுச்சு. விசாரிச்சா அது பல் ஆஸ்பத்திரியாம். எனக்கு முப்பத்திரெண்டும் நல்லா இருக்கு. அடுப்பு நாப்தான் வேணும். சரியான நம்பரைக் கொடுங்க."

படித்து முடித்து நிமிர்ந்தபோது மெக்கானிக் சாய்ப்பில் இல்லை. முக்காலி மட்டும் இருந்தது.

"ஏங்க!"

"வரேன், வரேன். கொல்லைப்பக்கம் இருக்கேன்."

"ஓடாதீங்க. இங்க வாங்க."

வந்தார். ஸ்க்ரூடிரைவரைக் கையிலிருந்து கீழே வைக்காமலே வந்தார். அவள் படத்தைத் திறந்து, அடியில் இருந்த இரண்டு வரியை இப்போது கண்ணாடி போட்டுப் படித்தாள். 'நாப்புகள் எதைக் காட்டுகின்றன என்று இடமிருந்து வலமாகக் கவனிக்கவும். கவனித்துக் கூப்பிடுகிறவர்களுக்கு விலை குறையும்.'

"போன் நம்பரா இது?"

"எழுதலையே. ஒரு எழுத்து, ஒரு எண்ணு நான் எழுதல. நாப் அதுபாட்டுக்குத் திரும்பியிருக்கு. கம்ப்யூட்டரு எழுத்தத்தான் படிக்கும், நாப்பப் படிக்காது. பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னாரு, எப்படியாச்சும் நம்பரக் கண்ணுல காட்டிட்டா போதும், அப்புறம் சனங்களே வந்துடும்னு. எப்படிக் காட்டுறதுன்னு மூணு நாளு யோசிச்சேன்."

"மூளை வேலை செஞ்சிருக்கு! பல்லுக்கு யோசிக்கல, இதுக்கு யோசிச்சிருக்கீங்க. சரி, நம்ம நம்பர்தான் வெச்சீங்க, அது எப்படிப் பல் ஆஸ்பத்திரிக்குப் போச்சு?"

அது அவருக்கும் புரியவில்லை. ஐந்து நாளாக ஒரு போன் கூட வரவில்லையே, சனங்களுக்கு மூளை இல்லை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தாராம். இருவரும் போனில் இருந்த படத்தின் மேல் குனிந்து ஒவ்வொரு நாப்பாகப் படித்தார்கள். ஆறு வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வந்தது.

"ஏழாவது, எட்டு," என்றாள்.

"மூணு," என்றார்.

"கண்ணு தெரியுதா இல்லையா? மேல எட்டு நிக்குது பாருங்க."

"மேல எதுக்குப் பாக்குற? இது பழைய வாஷிங் மெஷின் டைமரு. இந்த மாடலுக்குக் குறி கீழ இருக்கும். கீழ என்ன இருக்கு? மூணு. எந்த மெக்கானிக்கக் கேட்டாலும் சொல்லுவான்."

"மெக்கானிக்கா நம்மகிட்ட நாப் வாங்குறான்?"

அவர் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அத்தனை மெஷினைக் கழற்றி மாட்டிய மனிதர், அந்த நாப்பைப் பார்க்கிற எல்லோரும் கீழேதான் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதைத் தாண்டி அழுகை வந்துவிட்டது.

"சிரிக்கவா அழவான்னு தெரியலங்க. இந்தச் செய்தி எங்க வந்திருக்கு பாத்தீங்களா? சம்பந்தி கண்ணு முன்னால. நம்பர் கொடுத்தீங்க, கூப்பிட்டேன்னு அந்த மனுஷன் எழுதியே கொடுத்திருக்காரு. அறுநூத்துப் பதினொண்ணு. ஒவ்வொண்ணும் நான் தேய்ச்சது. நாளைக்கு மூடிட்டாங்கன்னா நான் யாருன்னு சொல்லிக்குவேன்?"

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அவள் அழுது அவர் அதிகம் பார்த்ததில்லை.

"தற்செயலா அப்படித் திரும்பியிருந்துச்சுன்னு எழுதிடலாமா?" என்றார் மெதுவாக.

"பத்து நாப்புமா? அடியில இருக்குற ரெண்டு வரியும் தற்செயலா?"

கடையிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். சமையல்காரருக்கு மன்னிப்புக் கேட்டு, கடை விலைக்கே கடை வழியாக வாங்கிக்கொள்ளும்படி எழுதினாள். பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சம்பந்திக்கு எழுதினாள். பூசி மெழுகவில்லை. என் கணவர் செய்தது, கடை என் பெயரில் இருப்பதால் பொறுப்பு என்னுடையது, எங்கள் நம்பரைக் காட்டப் பார்த்தோம், அதுவும் தப்பு நம்பராகப் போய்விட்டது, ஒருவரும் எங்களை வந்து சேரவில்லை, இனி இப்படி நடக்காது என்று நாலு வரி. அனுப்புவதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"தப்பு நம்பர்னு எதுக்கு எழுதுற? மானம் போகுது," என்றார்.

"போகட்டும். அது ஒண்ணுதான் நம்ம பக்கம் இருக்குற நல்ல விஷயம்."

அடுத்து அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். தப்பு செய்தது தங்கள் வீடு, தொல்லை அனுபவித்தது யாரோ. கேட்டுவிட வேண்டும் இல்லையா? வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள். பார்சலக்கா இன்னார் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம், "ஐயோ, அந்த நாப் வீடா?" என்று ஒரு கூவல்.

"மன்னிச்சுக்கம்மா. ரொம்பப் பேரு கூப்பிட்டாங்களா?"

"பதினோரு பேரு, அக்கா! முதல் மூணு பேருக்கு நான் அப்பாயின்ட்மென்டே கொடுத்துட்டேன். ஒருத்தரு நாலும் ஆடுதுங்கறாரு. ஒரு அம்மா, நடுவுல உள்ளது மட்டும் உருகிப்போச்சுங்கறாங்க. இன்னொருத்தரு கறுப்புல கெடைக்குமான்னு கேக்குறாரு. டாக்டரம்மாகிட்ட போய்ச் சொன்னேன், கறுப்புப் பல்லு கேக்குறாங்கன்னு. அவங்க என்ன ஒரு மாதிரி பாத்தாங்க."

பார்சலக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். சாய்ப்பிலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார், திட்டு விழவில்லையா என்று.

"உங்களுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்துட்டோம்."

"தொல்லை என்னக்கா, பொழுது போச்சு. வியாழக்கிழமை பதினோரு மணிதான் காலியாக் கெடக்கு. அந்தச் சமையல்காரருக்கு ஒதுக்கி வெச்சது. வேற ஒருத்தரத் திருப்பி அனுப்பிட்டேன், டாக்டரம்மா அதுக்குத்தான் திட்டுவாங்க."

பார்சலக்கா திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் கன்னத்தில் கை வைத்தபடி நின்றார்.

"காலியா இருக்க வேணாம்மா," என்றாள். "ஆள் இருக்கு. ஒண்ணுதான் ஆடுது. ஆனா வலி இருக்கு."

மூன்று நாள் சம்பந்தியிடமிருந்து மூச்சு இல்லை. பார்சலக்கா வேலையை நிறுத்தவில்லை. வந்திருந்த எல்லா நாப்பையும் தேய்த்துவிட்டு, ஏற்கெனவே தேய்த்தவற்றை மறுபடியும் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் ஒரு ஓவன் நாப்பில் எண்ணே போய்விட்டது. மெக்கானிக் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். சொல்லாமலே அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்கினார். உலர்த்துகிற துணியின் மேல் ஒரு பழைய ஹேர் டிரையரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். மத்தியானம் அவரே பருப்பும் முட்டையும் வேகவைத்தார். அதில் உப்பு இல்லை. அவள் அப்படியே சாப்பிட்டாள்.

"மூடிட்டாங்கன்னா, உன் பேருலயே வேற ஒண்ணு ஆரம்பிக்கலாம்," என்றார்.

"முதல்லேருந்தா? ஒண்ணாவது நட்சத்திரத்திலேருந்தா?"

"நான் தேய்க்கிறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஆனால் இது அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலை பதில் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தாள். மெக்கானிக் கஞ்சிக் கரண்டியோடு நின்றார். படித்தாள். மறுபடியும் படித்தாள். போனை நிமிர்த்தியே வைத்தாள்.

"மூடல," என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு நாள் கடை யார் கண்ணிலும் படாது, இது எச்சரிக்கை, அடுத்த முறை நடந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்று இருந்தது. உண்மையைத் தாமாகவே தெரிவித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டோம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை அவள் மூன்றாம் தரம் படித்துக் காட்டினாள்.

"பரவாயில்லையே, சம்பந்திக்கும் மனசு இருக்கு," என்றார் மெக்கானிக்.

"இருக்கு. நாளைக்குப் பதினோரு மணி. மறந்துடாதீங்க."

"அதான் மூடலையே. அப்புறம் எதுக்குப் பல்லு?"

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? பேசாம வாங்க."

பஸ்ஸில் நாற்பது நிமிஷம். மழை விட்டு வெயில் அடித்தது. ஆஸ்பத்திரி ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறையில் இருந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் அவர்களைக் கண்டதும் எழுந்து, "நாப்பய்யா வந்தாச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்தாள். காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்குக் கூச்சத்தில் காது சிவந்தது. தேங்காய்க்கு ஆசைப்பட்டு எலிப்பொறிக்குள் புகுந்த எலி போல, தானாக வந்து மாட்டிக்கொண்டோமே என்ற முகத்தோடு உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார்.

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுப் பல் மரத்துப்போகக் காத்திருந்தார். மூலையில் கருவிகளைச் சுடவைக்கிற பெட்டி ஒன்று இருந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் பெரிய இடுக்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக வந்தாள். மெக்கானிக் நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், அந்தப் பெட்டியின் முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த மொட்டைக் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருகினாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

"இடுக்கியாலயா திருகுவீங்க?" என்றார் மெக்கானிக். வாய் ஒரு பக்கம் மரத்துப்போனதால் அது வேறு ஏதோ மாதிரி கேட்டது.

"நாப் ஒடஞ்சு நாலு மாசமாச்சு," என்றார் டாக்டரம்மா. "கம்பெனில கேட்டா புதுப் பெட்டிதான் வாங்கணுங்கறாங்க."

மெக்கானிக் எழுந்தே விட்டார். பல்லை மறந்துவிட்டார். கம்பியை விரலால் தடவி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒரு பக்கம் தட்டை, ஆறு மில்லிமீட்டரு," என்று முனகினார். வாசலில் நின்ற பார்சலக்காவைப் பார்த்தார். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஏழாவது குமிழுக்கும் அதே அளவுதான்.

"எங்ககிட்ட இருக்கும்மா," என்றாள் அவள். "சும்மா கொண்டுவந்து மாட்டித் தர்றோம். நாங்க கொடுத்த தொல்லைக்கு."

"சும்மா எதுக்குக்கா?" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். "கடை எப்பத் திறக்கும்?"

"செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம். ஆனா ஏழு நாள் மூடிக் கெடந்ததுல கடைசிக்குத் தள்ளியிருப்பாங்க. புதுசா யாராவது நட்சத்திரம் போட்டாத்தான் மேல வரும்."

"அப்போ நான் அதுலயே வாங்கிக்கிறேன். நட்சத்திரமும் போடுறேன்."

"அதுழ வாங்கினா ழம்பந்திக்குப் பங்கு போகுமே!" என்று மரத்த வாயால் அலறினார் மெக்கானிக்.

பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மா, யார் சம்பந்தி என்று கேட்டார். பார்சலக்கா மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போகட்டும்," என்றார் அவர். "போகட்டும், போகட்டும்." போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டார்.

பல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயில் பஞ்சைக் கடித்தபடி, நன்றாகத் தூங்கிவிட்டார். மூன்று மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கியதில்லை. இறங்க வேண்டிய இடம் வரும்வரை அவள் எழுப்பவில்லை.

கடை திறந்த அன்று முதல் ஆர்டர் பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அடுத்தது விடுதிச் சமையல்காரர், நாலு நாப். பார்சலக்கா ஏழாவது குமிழை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டாள். தேய்ப்பதற்குப் பிரஷ்ஷைத் தேடியபோது அது மெக்கானிக் கையில் இருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்றின் இடுக்கையும் எட்டின் இடுக்கையும் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தார். உலர்ந்ததும் கம்பி நுழையும் துளையை வைத்து, குறி எந்தப் பக்கம் வருகிறது என்று கணக்குப் பார்த்து, மேல் பக்கம் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பெரிய பொட்டு வைத்தார்.

"எதுக்கு இவ்வளவு பெரிசு?" என்றாள்.

"மெக்கானிக் இல்லாதவங்களும் பாக்கணும்ல."

நாலு நாள் கழித்துக் காலையில் போன் டிங் என்றது. கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போனாள்.

"என்னவாம் சம்பந்திக்கு?" என்றார் மெக்கானிக். இப்போது கஞ்சியை இரண்டு பக்கமும் வைத்துச் சாப்பிட்டார்.

"பங்கு எடுத்துட்டாங்க. பதினெட்டு."

"எடுத்துக்கட்டும். அப்புறம்?"

"அறுநூத்துப் பன்னெண்டு. அஞ்சு நட்சத்திரம்."

"எழுதியிருக்காங்களா ஏதாச்சும்?"

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"கெட்டியாக நிற்கிறது. ஆடவில்லை. வலியும் இல்லை."